குடல் நோய், தைராய்டு, எலும்பு: ஒரே மடக்கில் விழுங்கிய ஐந்து மாத்திரை

2024 அக்டோபரில் ஒருநாள் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்த்தேன். முதுகின் நடுவில் மளுக்கென்றது. தசைப்பிடிப்பு என்று நினைத்து தைலம், வெந்நீர் ஒத்தடம், பத்து நாள் பிசியோதெரபி என்று மூன்று வாரம் ஓட்டினேன். படுக்கையில் புரண்டால் உயிர் போனது, நேராகப் படுத்தால் வலி இல்லை. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது டி12 முள்ளெலும்பு (மார்புப் பகுதி முதுகெலும்பில் கடைசி) முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவத்தில் இருந்தது. எனக்கு அப்போது 43 வயது, மாதவிடாய்கூட நிற்கவில்லை. எலும்பு நொறுங்குவதெல்லாம் பாட்டிகளுக்கு வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு குரோன்ஸ் நோயும் (குடலில் தீராத அழற்சி) உண்டு, தைராய்டு குறைபாடும் உண்டு. இரண்டுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் நான் விழுந்த குழியில் விழாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் கதையைக் குறைத்து, மருத்துவ விவரங்களை அதிகமாகச் சொல்கிறேன்.

2019-இல் வலது அடிவயிற்று வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை 56 கிலோவிலிருந்து 44. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்கள். நம் நாட்டில் அந்த இடத்தில் புண் என்றால் குடல் காசநோயா குரோன்ஸா என்று பிரிப்பது நிஜமாகவே கஷ்டம், பயாப்சியிலும் பல சமயம் தெளிவு கிடைக்காது. எனக்கு ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். புண் ஆறவில்லை, பிறகுதான் குரோன்ஸ் என்று முடிவானது. அந்த ஆறு மாதத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று: காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு, உடம்பில் இருக்கும் வைட்டமின் டி-யை வேகமாகக் கழித்துவிடும். தைராய்டு குறைபாட்டுக்கு ஏற்கெனவே தைராக்சின் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதையும் வேகமாகக் கழிக்கும், டிஎஸ்எச் ஏறும் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இது; தைராக்சின் குறைந்தால் ஏறும், மிகுந்தால் இறங்கும்). காசநோய் மருந்து ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. 40 மி.கி.-யில் தொடங்கி வாரம் 5 மி.கி. குறைப்பது வழக்கம். மூன்று நாளில் வலி போய், பசி வந்து, மறுபிறவி எடுத்தது போல இருந்தது. அந்த சந்தோஷத்தில் எலும்பு யாருக்கு ஞாபகம் வரும்? ஸ்டீராய்டால் எலும்பு வேகமாக இழக்கப்படுவது முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்தான். எலும்பைக் கட்டும் செல்களை அது சாகடிக்கிறது, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது, சிறுநீரில் கால்சியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது. நாளைக்கு 2.5 மி.கி. அளவிலேயே மூன்று மாதம் தாண்டினால் எலும்பைக் கவனிக்க வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டுதல். நான் 2020-இலும் 2021-இலும் இரண்டு தடவை முழுச் சுற்று சாப்பிட்டேன், இரண்டு தடவையும் சீட்டில் கால்சியமோ வைட்டமின் டி-யோ இல்லை. மாத்திரை மட்டும்தான் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. குடல் அழற்சியே எலும்பைக் கரைக்கும் செல்களை உசுப்பிவிடும். சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டால் பித்த உப்பு வீணாகும், கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாது, கொழுப்பில் கரையும் வைட்டமின் டி-யும் அதோடு போகும். போதாததற்கு, பால் ஒத்துக்கொள்ளாது என்று நாமே பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறோம். ஸ்டீராய்டு கைக்கு வரும் அன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வாரம், கால்சியமும் டி-யும் எங்கே, இதைவிட எலும்புக்குக் குறைந்த கெடுதல் தரும் புடெசோனைடு எனக்குப் போதுமா. ஆனால் பயந்துபோய் ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

தைராய்டு வந்தது 2022-இல். எடை ஏறியது, மலச்சிக்கல், எந்நேரமும் அசதி. ரத்தசோகை என்றே ஆறு மாதம் போனது. டிஎஸ்எச் 11 வந்தது, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளும் பாசிட்டிவ். குடல் அழற்சி நோய்க்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. தைராய்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. தைராய்டுக் கோளாறு பொதுவாகவே பெண்களிடம் அதிகம், அதனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அபூர்வமில்லை, அவ்வளவுதான். இங்கே ஒரு எச்சரிக்கை. குடல் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எடுக்கும் தைராய்டு டெஸ்ட்டை நம்பி மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது. கடும் நோயில் டி3 (T3 என்ற தைராய்டு ஹார்மோன், வைட்டமின் அல்ல) தானாகவே இறங்கும், ஸ்டீராய்டு அதிக அளவில் போனால் டிஎஸ்எச்-சும் அமுங்கும். உடம்பு தேறிய பிறகு திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முடி உதிர்வதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால் நிறுத்த வேண்டும். பல லேப் முறைகளில் அது டிஎஸ்எச்-சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

இனிமேல்தான் என் முட்டாள்தனம். தைராக்சின் 50 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். அதே சமயம் இரும்புச்சத்து மாத்திரை, ஒருவழியாக எழுதப்பட்ட கால்சியம், வயிற்றெரிச்சலுக்கு பேன்டோபிரசோல், ஒரு மல்டிவைட்டமின். எல்லாவற்றையும் 'காலையில்' என்று எழுதியிருந்தது. நானும் காலையில் ஆறு மணிக்கு உள்ளங்கையில் ஐந்தையும் கொட்டி, கூடவே டிகிரி காபியை ஊற்றி ஒரே மடக்கு. தைராக்சின் வெள்ளையாகப் பொட்டு மாதிரி இருக்கும், கால்சியம் கட்டைவிரல் நகம் அளவு. அந்தப் பெரியது சின்னதைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் வழியாக வெளியே கொண்டுபோய்விடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கால்சியமும் இரும்பும் தைராக்சினோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்ச விடாது. காபி, அதுவும் பால் சேர்த்தது, குறைக்கும். பேன்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் மாத்திரை சரியாகக் கரையாது. பேதிக்குக் கொடுக்கும் கொலஸ்டிரமின் தூள் எல்லாவற்றையும்விட மோசம், அதற்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

டிஎஸ்எச் இறங்கவே இல்லை. தைராக்சின் டோஸ் 75 ஆனது, 100 ஆனது, 2023 முடிவில் 125 ஆனது. ஒவ்வொரு தடவையும் புது பாட்டில், ஒவ்வொரு தடவையும் 'டோஸ் போதவில்லை'. யாரும், நான் உட்பட, மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. ஒரு சின்னக் கணக்கு போதும். சுரப்பி கிட்டத்தட்ட முழுவதும் செயலிழந்தவருக்கே கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தைராக்சின்தான் தேவை. நான் 52 கிலோ, 52-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 83. அதைத் தாண்டி 100, 125 என்று போகிறது என்றால் மருந்து உள்ளே போகவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இடைவெளியைச் சரிசெய்தும் தேவை இறங்கவில்லை என்றால் சிறுகுடல் உறிஞ்சவில்லையா என்று பார்க்க வேண்டும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும். அதுவும் எலும்பு, தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் சேர்த்தே இழுக்கும்.

2024 ஜனவரியில், கால்சியம் மாத்திரையால் சிறுநீரகக் கல் வரும் என்று ஒரு சொந்தக்காரர் பயமுறுத்த, நான் கால்சியத்தை நிறுத்தினேன். அதே மாதம் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று இரும்பும் நின்றது. கல் விஷயத்தில் அவர் சொன்னது பாதி உண்மைகூட இல்லை. சிறுகுடல் கடைசிப் பகுதி பாதித்த குரோன்ஸ்காரர்களுக்கு ஆக்சலேட் கல் வர வாய்ப்பு அதிகம்தான். ஆனால் காரணம் வேறு. உறிஞ்சப்படாத கொழுப்பு குடலில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், சாப்பாட்டில் வந்து தனியாக விடப்பட்ட ஆக்சலேட் என்ற உப்பு ரத்தத்துக்குப் போய் சிறுநீரகத்தில் படியும். அதனால் சாப்பாட்டோடு கால்சியம் எடுத்தால் அது ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிப்போடும். கல் பயம் இருப்பவர்கள் குறைக்க வேண்டியது பசலை, பீட்ரூட், வேர்க்கடலை, கடும் டீ. கூட்ட வேண்டியது தண்ணீர்.

கால்சியமும் இரும்பும் நின்றவுடன் என்ன ஆகும்? 125 மைக்ரோகிராமும் தடையில்லாமல் உள்ளே போகும். தைராக்சினின் அரை ஆயுள் ஒரு வாரம் என்பதால் அது உடனே தெரியாது, மெதுவாகச் சேரும். மார்ச்சில் நாளைக்கு ஐந்தாறு தடவை பேதி, கைநடுக்கம், ராத்திரி படுத்தால் காதுக்குள் இதயம் அடித்தது, நான்கு கிலோ குறைந்தது. குரோன்ஸ் திரும்பிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன், டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். கொலனோஸ்கோபிக்குப் பேதி மருந்து குடிக்க முடியாது என்று கெஞ்சியதும் நான்தான். மறுபடி பிரெட்னிசோலோன் 40. இரண்டு வாரம் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது. ஸ்டீராய்டு அதிக அளவில் போனால், டி4 (தைராக்சின்) அதைவிட வீரியமான டி3-ஆக மாறுவதைக் குறைக்கும் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தப் பொய்யான நிம்மதியை 'மருந்து வேலை செய்கிறது' என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். குறைத்தால் பேதி, கூட்டினால் தூக்கமில்லாத படபடப்பு என்று அக்டோபர் வரை 15-க்கும் 30-க்கும் நடுவே ஊசலாடினேன். படபடப்புக்கு ஸ்டீராய்டுதான் காரணம் என்று அதையும் ஒதுக்கினோம். முதுகெலும்பு நசுங்கியது இந்த ஏழாவது மாதத்தில்.

எலும்புக்காகப் பார்த்த டாக்டர்தான் மாத்திரைப் பையையே மேஜையில் கொட்டச் சொன்னார். டிஎஸ்எச் எடுத்ததில் 0.02, அதாவது உடம்பில் தைராக்சின் மிகை. மலத்தில் கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) 38. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி அநேகமாக இல்லை, 250-க்கு மேல் போனால் நோய் முழித்திருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி சாதாரணம், மலத்தில் ரத்தம் இல்லை, ராத்திரிக் காய்ச்சல் இல்லை, பசி நன்றாக இருந்தது. ஸ்டீராய்டில் இருந்ததால் கால்ப்ரோடெக்டின் இறங்கியிருக்கலாம் என்று வாதாடிப் பார்த்தேன். ஆனால் நாளைக்கு ஆறு தடவை போய்க்கொண்டிருக்கும்போதே 38 என்றால் அந்தப் பேதி குடல் புண்ணால் வந்ததல்ல. பசியோடு எடை குறைவது, நடுக்கம், வியர்வை, படுத்திருக்கும்போதும் நாடித் துடிப்பு நூறைத் தாண்டுவது, இவை சேர்ந்தால் குடலை விட்டுவிட்டு முதலில் தைராய்டைப் பாருங்கள். அன்றைக்கு ரொம்ப அழுதேன். கோபம் யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை.

அதிகப்படி தைராக்சினும் எலும்பை அரிக்கும். டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் எலும்பு கட்டப்படும் வேகத்தைவிடக் கரையும் வேகம் கூடும். ஆக எனக்கு ஸ்டீராய்டு, வைட்டமின் டி இல்லாமை, தைராக்சின் மிகை என்று மும்முனைத் தாக்குதல். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு முதுகெலும்பு இசட் ஸ்கோர் மைனஸ் 2.3. ரிப்போர்ட்டில், இளவயதினரோடு ஒப்பிடும் டி ஸ்கோரைத்தான் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். மாதவிடாய் நிற்காத பெண்களும் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள ஆண்களும் பார்க்க வேண்டியது சம வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோரை. மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே என்றால் வயதுக்குக் குறைவு. ஸ்கேன் அன்று காலை கால்சியம் மாத்திரை போடக் கூடாது. பேரியம் குடித்தோ மருந்து ஏற்றியோ சிடி எடுத்திருந்தால் அது வெளியேறும்வரை தள்ளிப்போட வேண்டும். அரைஞாண், ஊக்கு, ஜிப் எல்லாம் எடுத்துவிட வேண்டும். இடுப்பு முள்ளெலும்புகளில் எல்1 முதல் எல்4 வரைதான் அளப்பார்கள். அதில் ஒன்று நசுங்கியிருந்தால் அது அடர்த்தியாகத் தெரிந்து, எலும்பு நன்றாக இருப்பதாகப் பொய் சொல்லும். அடுத்த தடவையும் அதே சென்டரில் அதே மெஷினில் எடுங்கள், மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. தொடைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே கவட்டியில் வலி வந்தால் அது வேறு விஷயம். ஸ்டீராய்டால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் பட்டுப்போகலாம், தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்ஆர்ஐ-யில்தான் தெரியும்.

ரத்தத்தில் கால்சியம் 7.8 என்று வந்ததைப் பார்த்துப் பதறினேன். ரத்தப் புரதமான அல்புமின் 2.5 இருந்தது. குடல் நோயில் அல்புமின் குறைவது சகஜம், கால்சியத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு அதன் முதுகில்தான் பயணம் செய்கிறது. 4-இலிருந்து அல்புமினைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்ட வேண்டும். 1.5 பெருக்கல் 0.8 என்றால் 1.2, கூட்டினால் 9. ஆக அது பயப்பட வேண்டிய எண்ணே இல்லை. பயப்பட வேண்டியது வைட்டமின் டி 11, ஏறிக்கிடந்த ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பாராதைராய்டு ஹார்மோன். இதெல்லாம் சேர்ந்தால் எலும்பு வெறுமனே மெலியவில்லை, சுண்ணாம்பு ஏறாமல் மிருதுவாகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எலும்பு கரைவதைத் தடுக்கும் ஊசியை அவசரமாகப் போட்டால் ரத்தக் கால்சியம் தடாலென்று விழும். முதலில் டி, பிறகு ஊசி. பேதிக்காரர்கள் மெக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்திருந்தால் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. நரம்பு வழியாக இரும்பு ஏற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் பாஸ்பேட் குறைந்து அதுவே எலும்பு வலியில் கொண்டுபோய் விடலாம்.

வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று, எட்டு வாரம். இதை நாள்தோறும் சாப்பிட்டு ரத்தத்தில் கால்சியம் எகிறி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. எங்கள் மெடிக்கல் ஷாப் பையன் கவரில் 'தினமும் ஒன்று' என்றே எழுதிக் கொடுத்தான், நல்லவேளை சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஞாயிறு மதியம், எண்ணெயோ நெய்யோ உள்ள சாப்பாட்டுக்குப் பின் எடுத்தேன். பத்தாவது வாரம் 34. அதன் பிறகு ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, புண் ஆற விட்டு, சிறுநீரகம் சரியா என்று கிரியேட்டினின் பார்த்து, அந்த எலும்பு ஊசியான சோலெட்ரானிக் அமிலம் 5 மி.கி. ஏற்றினார்கள். ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு, அதனால்தான் இந்த வரிசை. குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்கள் இந்த மருந்தைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும், அது எலும்பில் வருடக்கணக்காகத் தங்கும். அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து எலும்பெல்லாம் கழன்றது போல இருந்தது. பாரசிட்டமால் போட்டு இரண்டு நாளில் சரியானது. ஊசிக்குப் பதில் அதே வகை மாத்திரையான அலென்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒருமுறை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். அன்றைக்குத் தைராக்சினை அந்த அரை மணி கழித்து எடுக்கலாம், அல்லது டாக்டரிடம் கேட்டு ராத்திரிக்கு மாற்றலாம்.

இப்போது என் நாள் இப்படி: ஐந்தரைக்குத் தைராக்சின், வெறும் தண்ணீர். ஆறரைக்குக் காபி. மதியச் சாப்பாட்டோடு கால்சியம் 500, ராத்திரிச் சாப்பாட்டோடு இன்னொன்று. ஒரே தடவையில் 500-க்கு மேல் குடல் ஒழுங்காக வாங்காது. கால்சியம் கார்பனேட்டுக்கு அமிலம் வேண்டும், அதனால்தான் சாப்பாட்டோடு. பேன்டோபிரசோலை நிறுத்த முடியாதவர்களுக்கு சிட்ரேட் மேல். அட்டையில் கார்பனேட் 1250 மி.கி. என்றிருந்தால் அதில் கால்சியம் 500, கடையில் குழப்புவார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு. குடலில் சுருக்கம் இருப்பவர்கள் களி, கூழ் வேண்டாம், ஊறவைத்து அரைத்து வடிகட்டிய கேழ்வரகுப் பால் கஞ்சி போதும். தயிர் எனக்கு ஒத்துக்கொள்கிறது, பால் ஒத்துக்கொள்ளவில்லை.

பணக் கணக்கு: ஏழு மாத வீண் வைத்தியம், பிசியோதெரபி, எம்ஆர்ஐ, டெக்ஸா, பல், ஊசி எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய்க்குப் பக்கம். சம்பளமில்லா விடுப்பு 74 நாள். மார்ச்சிலேயே கால்ப்ரோடெக்டினும் டிஎஸ்எச்-சும் எடுத்திருந்தால் 3,200 ரூபாய். உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் போனது போனதுதான். ஸ்டீராய்டை முழுசாக விட ஐந்து மாதம் பிடித்தது. கடைசி 5 மி.கி.-யிலிருந்து இறங்கும்போது வந்த அசதியைப் பார்த்துத் தைராய்டு மறுபடி கெட்டதோ என்று பயந்தேன், அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனைக் காலை எட்டு மணிக்கு எடுத்துப் பார்த்த பிறகுதான் அது அட்ரினல் சுரப்பியின் சோம்பல் என்று தெரிந்தது.

தைராக்சின் 75-க்கு வந்து நின்றது. போன மாதம் பேன்டோபிரசோலை நிறுத்தினார்கள். எந்த மாத்திரை சேர்ந்தாலும் நின்றாலும், தைராக்சின் கம்பெனி மாறினாலும், ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் எடுக்க வேண்டும் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். 2.9 இருந்தது 0.6 ஆகியிருந்தது. இன்னும் நார்மல்தான், லேப் பேப்பரில் சிவப்பு மை இல்லை. ஆனாலும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், பேன்டோபிரசோல் நின்ற தேதியையும் சொன்னேன். டோஸ் 62.5 ஆனது.